பட்டினி மூட்டும் யானைத்தீ

விரதம் முடிந்த மறுநாள்

கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்து முடித்த ஒருவரிடம், ஏழாம் நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதிலுக்கு முன் ஒரு கூச்சச் சிரிப்பு வரும். நாலு இட்லி சாப்பிட உட்கார்ந்தவர் ஒன்பது சாப்பிட்டு எழுந்திருப்பார். வயிறு போதும் என்ற பிறகும் கை இலைக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கும். மற்ற நாட்களில் அளவாகச் சாப்பிடுகிறவர்தான் அவர். ஒரு வேளை பட்டினி கிடந்தால் ஒரு வேளைச் சாப்பாடுதானே பாக்கி? உடம்பு ஏன் வட்டியும் முதலுமாகக் கேட்கிறது?

விரதக்காரர் இரண்டு நாளில் பழைய அளவுக்குத் திரும்பிவிடுவார். சிலரால் திரும்ப முடிவதில்லை. பட்டினி கிடக்கிறார்கள். பிறகு யாரும் பார்க்காத நேரத்தில், நிறுத்த முடியாமல் தின்கிறார்கள். பயந்துபோய் அதை வெளியேற்றுகிறார்கள். மறுநாள் காலையை இன்னும் கடுமையான பட்டினியோடு தொடங்குகிறார்கள். சராசரியாக வாரத்துக்கு ஒரு தடவையாவது, மூன்று மாதமாக இப்படி நடந்தால், மருத்துவர்கள் அதைப் புலிமியா நெர்வோசா என்கிறார்கள். ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பெரும்பாலோர் ஒல்லியாகவும் இருப்பதில்லை, பருமனாகவும் இருப்பதில்லை. ஒரே பாயில் படுத்துறங்கும் தங்கைக்குக்கூட வருஷக்கணக்கில் தெரியாமல் போகும்.

1979 இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் மனநல மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல், தன்னிடம் வந்த 30 பேரை வைத்து இதைத் தனியாக விவரித்தார். அவர்களில் 28 பேர் பெண்கள், 2 பேர் ஆண்கள். ஆண்களுக்கு இது வராது என்ற பேச்சு, நோய்க்குப் பெயர் வைத்த நாளிலேயே பொய்த்துவிட்டது. புலிமியா என்பது கிரேக்கச் சொல். காளைப்பசி என்று பொருள்.

நம்மிடம் யானைத்தீ இருந்தது

கிரேக்கர்களுக்குக் காளை என்றால் நமக்கு யானை. மணிமேகலையில் வரும் காயசண்டிகைக்கு யானைத்தீ என்னும் பசிநோய். எவ்வளவு சாப்பிட்டாலும் அடங்காது. அது எப்படி வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விருச்சிகன் என்ற முனிவன் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு நாவற்கனியை உண்டு நோன்பு நோற்பவன். அந்தக் கனியை அவள் காலால் மிதித்துச் சிதைத்துவிடுகிறாள். அவன் சாபம் அவள் வயிற்றில் பன்னிரண்டு ஆண்டுப் பசியாக இறங்குகிறது.

அவள் நோய் புலிமியா அல்ல. மணிமேகலையைப் பாடிய சாத்தனார் மருத்துவ நூல் எழுதவும் இல்லை. ஆனாலும் அடங்காத பசி ஒரு நீண்ட பட்டினியிலிருந்து பிறந்தது என்று கதை சொல்கிறது. இருபதாம் நூற்றாண்டு ஆய்வுக்கூடமும் கிட்டத்தட்ட அந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது.

மேலே போகும் முன் மூன்று சொற்கள். எடை குறைக்க வேண்டும் என்று தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் கடுமையான சாப்பாட்டு விதிகளைப் பத்தியம் என்கிறேன். கட்டுப்பாடு கையை விட்டுப் போய்த் தின்பதை அடங்காத் தீனி என்கிறேன். தின்றதை ஈடுகட்ட வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது போன்றவற்றைக் கழிப்பு என்கிறேன்.

மினசோட்டாவில் 36 பேர்

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், பட்டினியில் கிடக்கும் மக்களை எப்படி மீட்பது என்று தெரிந்துகொள்ள, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். 1944 நவம்பரில் தொடங்கியது. ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மனசாட்சிப்படி மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமாக இருக்கிறதா என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆறு மாதம் அவர்களுக்கு ஏறக்குறைய அரைவயிற்றுச் சாப்பாடு. எடையில் கால் பங்கு கரைந்தது.

எடையோடு மனமும் மாறியது. நாள் முழுக்கச் சாப்பாட்டுப் பேச்சு. சமையலில் ஆர்வமே இல்லாதவர்கள் சமையல் புத்தகங்களை வாங்கிக் குவித்தார்கள். தட்டை நக்கினார்கள். சிலர் விதியை மீறித் திருட்டுத்தனமாகத் தின்று, குற்ற உணர்ச்சியில் தவித்தார்கள். பிறகு வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று விட்டபோது, வயிறு வலிக்க வலிக்கத் தின்றவர்களும் உண்டு. வயிறு நிறைந்திருக்கிறது, பசி மட்டும் போகவில்லை என்றார்கள். அது பல மாதம் நீடித்தது.

இவர்களில் யாரும் அழகுக்காகப் பட்டினி கிடக்கவில்லை. கொள்கைக்காக நாட்டையே எதிர்த்து நின்றவர்கள், மன உறுதிக்குப் பஞ்சமில்லாதவர்கள். அப்படிப்பட்டவர்களாலேயே கையை நிறுத்த முடியவில்லை. அடங்காத் தீனியை ஒருவரின் குணக்கேடாகப் பார்க்க நமக்கு உரிமை இல்லை என்று இந்தச் சோதனையைப் படித்த அன்று எனக்குத் தோன்றியது. பஞ்சம் வந்துவிட்டது என்று உடம்பு நம்புகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது. கொழுப்புச் சேமிப்பு போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் இறங்குகிறது. பஞ்ச காலத்தில் கிடைத்ததைக் கிடைத்த மட்டும் தின்னச் சொல்லும் பழைய ஏற்பாடு முடுக்கப்படுகிறது. அரிசிப்பானை நிறைந்திருக்கும் வீட்டில் இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது.

நனைந்த பிறகு முக்காடு

பசி பாதிக் கதைதான். மீதியை 1975 இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு சொன்னது. பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் இருவரும் கல்லூரி மாணவிகளில் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. அடுத்து, ருசி பார்த்துச் சொல்லுங்கள் என்று ஐஸ்கிரீமை வைத்து, யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று கவனித்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். பத்தியம் இருந்தவர்கள் நேர்மாறு. மில்க் ஷேக் குடித்தவர்கள்தான் அதிகம் சாப்பிட்டார்கள்.

‘முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு’ என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான். இனிப்பே தொடமாட்டேன் என்று விதி போட்டவருக்கு ஒரு துண்டு பால்கோவா வெறும் பால்கோவா அல்ல. அது விதி முறிந்த நேரம். இன்றைக்குக் கெட்டது கெட்டதுதான், நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மனம் கதவைத் திறந்துவிடுகிறது. ஆறு மாதப் பட்டினி தேவையே இல்லை. விதி எவ்வளவு இறுக்கமோ, முறியும்போது சத்தம் அவ்வளவு பெரிது.

காலண்டரில் மாறிய முகம்

பத்தியம் எங்கிருந்து வருகிறது? சிவகாசிக்காரர்களிடம் இதற்கு ஒரு சான்று இருக்கிறது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையா ராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள், சிவகாசி அச்சகங்களில் காலண்டர்களாகி நாடெங்கும் போயின. அந்த லட்சுமியையும் மீனாட்சியையும் பாருங்கள். நிறைந்த கன்னம், திரண்ட கை. அழகு என்பது அன்று அதுதான். ‘நல்லா பூசினாப்ல இருக்கா’ என்றால் பாராட்டு. இன்று அதே ஊரில் அச்சாகும் விளம்பரப் பெண்களுக்கு இடுப்பு இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது. பூசினாப்ல என்ற சொல்லும் அப்படியேதான் இருக்கிறது. கேட்கிற பெண்ணின் முகம் மட்டும் சுருங்குகிறது.

பிஜித் தீவில் இந்த மாற்றத்தை அளந்தே பார்த்தார்கள். அங்கேயும் உடம்பு திடமாக இருப்பதுதான் அழகு. நட்ரோகா பகுதிக்கு 1995 இல் தொலைக்காட்சி வந்தது. வந்த புதிதில் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் பள்ளி மாணவிகளைக் கேட்டபோது, எடைக்காக வாந்தி எடுப்பதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. 1998 இல் கேட்டபோது 100 இல் 11 பேர் சொன்னார்கள்.

இது வெள்ளைக்காரர் நோய், பணக்கார வீட்டு நோய் என்று தள்ளிவிட முடியாது. 1995 இல் வெளியான ஓர் ஆய்வில், சென்னையில் 210 மருத்துவ மாணவர்களைக் கேட்டபோது 31 பேருக்குச் சாப்பாடும் உடம்பும் பற்றிய வேதனை இருந்தது. முழு நோய் என்று சொல்லும் அளவுக்கு அது முற்றியிருக்கவில்லை. அப்போது கையில் செல்போன் இல்லை.

பத்தியம் இருக்கும் எல்லோருக்கும் நோய் வந்துவிடுவதும் இல்லை. பரம்பரைக்குக் கணிசமான பங்கு உண்டு என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. தீராத பதற்றம், மனச்சோர்வு, சிறுவயதில் பட்ட காயம் ஆகியவையும் சேர்கின்றன.

திருத்தங்கலில் ஒரு பெண்

ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 20. திருத்தங்கலில் வீடு. சிவகாசி அச்சகம் ஒன்றில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டி லேபிள் வடிவமைக்கிறாள். லேபிளில் வரும் நடிகையின் கன்னத்தையும் கையையும் இன்னும் கொஞ்சம் மெலியவைப்பது அவள் வேலையில் ஒரு பகுதி.

ஒரு கல்யாண வீட்டில் அத்தை கையைப் பிடித்துக்கொண்டு, “என்ன தாயி, போன பொங்கலுக்குப் பாத்ததுக்கு ரெண்டு சுத்து ஏறிட்டியே, மாப்பிள்ளை பாக்கிற நேரத்துல!” என்கிறார். பாசத்தில் சொன்னதுதான். மறுநாள் பத்தியம் தொடங்குகிறது. காலையில் டீ மட்டும். மதியம் டிபன் பாக்ஸில் பாதிச் சோறு பக்கத்து சீட் அக்காவுக்கு. நாலு மணிக்குச் சாத்தூர் காராச்சேவுப் பொட்டலம் மேசை மேசையாகச் சுற்றி வரும். “எனக்கு வேணாம்க்கா.” முதல் வாரம் எல்லோரும் பாராட்டுகிறார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி. அம்மா தூங்கியாயிற்று. தண்ணீர் குடிக்கத்தான் அடுப்படிக்குப் போகிறாள். ஒரு பாத்திரத்தின் மூடியைத் திறந்து ஒரு வாய். விதி முறிந்தது. அப்புறம் சோறு, மிச்சக் குழம்பு, தம்பிக்கு வைத்திருந்த மிக்சர் என்று போகிறது. ருசி தெரியவில்லை, நின்றுகொண்டே தின்கிறாள், யாரோ தன் கையை இயக்குவதுபோல் இருக்கிறது. முடிந்ததும் பயமும் அருவருப்பும். கழிப்பு. அதன் பிறகு பத்து நிமிடம் ஒரு நிம்மதி. இந்தப் பத்து நிமிடம்தான் கழிப்பைப் பழக்கமாக்குகிறது. நாளைக்கு மதியச் சோறும் கிடையாது என்று சத்தியம் செய்துகொண்டு படுக்கிறாள்.

சரவெடியில் ஒன்று வெடித்தால் அடுத்ததில் திரி பற்றும். சரத்துக்காவது முடிவு உண்டு. இங்கே கடைசி வெடியின் திரி முதல் வெடியிலேயே போய்ச் சேர்கிறது.

கழிப்பு அவள் எதிர்பார்த்ததைச் செய்கிறதா என்றால் அதுவும் இல்லை. அடங்காத் தீனியிலிருந்து சேர்ந்த சத்தில் ஏறக்குறைய பாதி வாந்திக்குப் பிறகும் உள்ளேயே தங்கிவிடுகிறது என்று அளந்திருக்கிறார்கள். பேதி மாத்திரை இன்னும் வீண். அது பெருங்குடலில் வேலை செய்கிறது. சாப்பாட்டின் சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் சேர்ந்துவிடுகிறது. போவது தண்ணீரும் உப்பும்தான்.

பொட்டாசியம்: ஊருக்குத் தெரிந்த உப்பு

அந்த உப்பில்தான் ஆபத்து. சிவகாசி வட்டாரத்துக்குப் பொட்டாசியத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பட்டாசு மருந்தில் சேரும் வெடியுப்பு பொட்டாசியம் நைட்ரேட். தீக்குச்சித் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். அதே தனிமம் வேறு கூட்டாளிகளோடு நம் உடம்பிலும் இருக்கிறது, சுமார் 100 கிராம் அளவுக்கு. 100 ரூபாயில் 98 ரூபாய் பெட்டகத்துக்குள், அதாவது உயிரணுக்களுக்குள். வெளியே புழங்குவது 2 ரூபாய். அந்த உள்-வெளி வித்தியாசத்தை வைத்துத்தான் தசை சுருங்குகிறது, இதயம் தாளம் தவறாமல் துடிக்கிறது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருந்தால் சரி.

வாந்தியில் பொட்டாசியம் கொஞ்சம்தான் போகிறது. அதிகம் போவது அமிலமும் தண்ணீரும் சோடியம் உப்பும். உடம்பில் நீர் குறைந்ததும், சோடியத்தை விடாதே, பிடித்து வை என்று சிறுநீரகத்துக்கு உத்தரவு போகிறது. கொண்டுபோகும் ஹார்மோனின் பெயர் ஆல்டோஸ்டீரோன். சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்கிறது, பதிலுக்குப் பொட்டாசியத்தைக் கொடுத்துவிடுகிறது. வாந்தி எடுத்தது வாய் வழியாக, பொட்டாசியம் கரைவது சிறுநீர் வழியாக.

நம் பெண்ணுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. படி ஏறினால் கால் துவள்கிறது, நெஞ்சு படபடக்கிறது. பொட்டாசியம் குறைந்தால் குடலின் தசையும் சோம்பிவிடும், மலச்சிக்கல் வரும். அதற்குப் பேதி மாத்திரை. பேதியோடு இன்னும் பொட்டாசியம் போகிறது. மாதம் ஒரு முறை பேதிக்குக் குடிப்பது நல்லது என்று கேட்டு வளர்ந்த வீட்டில், இதை யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஒரு சித்திரை வெயிலில் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுகிறாள். அருகிலுள்ள கிளினிக்குக்குத் தூக்கிப் போகிறார்கள். “சரியா சாப்பிடுறதில்ல டாக்டர்” என்கிறார் அம்மா. நம் ஊர் வழக்கப்படி ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிக் கேட்கிறார்கள். சர்க்கரை ரத்தத்துக்குள் வந்ததும் இன்சுலின் சுரக்கும். இன்சுலின் சர்க்கரையை உயிரணுவுக்குள் தள்ளும்போது பொட்டாசியத்தையும் கூடவே உள்ளே அனுப்பும். ஏற்கெனவே 2.8 இல் நிற்கும் பொட்டாசியம் இன்னும் இறங்கும். இதயத் தாளம் தப்புவதற்கு இது போதும். வாந்தி விஷயம் தெரிந்த மருத்துவர் முதலில் பொட்டாசியம் பார்ப்பார், ஈ.சி.ஜி. எடுப்பார், குறைந்ததை நிதானமாக ஈடுசெய்வார். அந்த அறையில் உயிருக்குப் பாதுகாப்பு, அவள் மறைத்துவைத்திருக்கும் அந்த ஒரு வாக்கியம்தான்.

ஆகவே வெட்கத்தை விட்டு அந்த வாக்கியத்தை எழுதியே தருகிறேன்: “டாக்டர், சாப்பிட்டத நானே வாந்தி எடுத்துடுறேன். இத்தன மாசமா நடக்குது. பொட்டாசியமும் ஈ.சி.ஜி.யும் பாருங்க.” வாயால் சொல்ல முடியாவிட்டால் சீட்டில் எழுதி நீட்டினாலும் போதும்.

கன்னமும் பல்லும் சொல்வது

வாய் சொல்லாததை உடம்பு சொல்லிவிடும். காதுக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கி, பொன்னுக்கு வீங்கி வந்ததுபோல் கன்னம் உப்பும். இதில் ஒரு கொடுமை இருக்கிறது. கண்ணாடியில் அந்த உப்பலைப் பார்த்து, முகம் பெருத்துவிட்டது என்று அவள் பத்தியத்தை இன்னும் இறுக்குவாள். வயிற்று அமிலம் பட்டு மேல்வரிசை முன்பற்களின் உட்பக்கம் தேயும், கூச்சமெடுக்கும். பல பேருக்கு முதலில் கண்டுபிடிப்பவர் பல் மருத்துவர்தான். வாந்திக்குப் பின் உடனே பல் துலக்கினால் இளகிய எனாமல் மேலும் தேயும், தண்ணீரால் கொப்பளிப்பதே நல்லது. விரல் மூட்டுத் தோலில் தழும்பு விழுந்திருக்கலாம். அதற்கு ரஸ்ஸல் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் கவனித்த அம்மாவோ அக்காவோ குளியலறைக் கதவை உடைத்துக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டாம். எடையைப் பற்றியோ சாப்பிட்ட அளவைப் பற்றியோ பேசவும் வேண்டாம். தனியாக இருக்கும்போது, “நீ கஷ்டப்படுறது தெரியுது. திட்ட மாட்டேன். சேந்தே டாக்டரப் பாப்போம்” என்றால் போதும். முதல் தடவை மறுப்பாள். மூன்றாவது தடவை அழுவாள்.

சிகிச்சை சாப்பாட்டில் தொடங்குகிறது

வீட்டார் எதிர்பார்க்கும் மருந்து ‘வாயைக் கட்டு’ என்பது. சிகிச்சை சொல்வது நேர்மாறு. ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ்டோஃபர் ஃபேர்பர்ன் 1980களிலிருந்து செதுக்கிய பேச்சுச் சிகிச்சை, பெரும்பாலும் 20 வாரம், 20 அமர்வு. நினைப்பையும் பழக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும் முறை என்பதால் சிந்தை-நடத்தைச் சிகிச்சை எனலாம். அதன் முதல் படி, நேரத்துக்குச் சாப்பிடுவது. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று தடவை சிறுதீனி. இடைவெளி நாலு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பசித்தாலும் பசிக்காவிட்டாலும், நேற்று ராத்திரி என்ன நடந்திருந்தாலும், காலை இட்லி காலையில்.

பட்டினி நின்றால் பஞ்ச எச்சரிக்கை நிற்கும். அடங்காத் தீனி குறையும். கழிக்க வேண்டிய அவசியமும் குறையும். மினசோட்டாவை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. ஆனால் நோயாளிக்கு இது கிணற்றில் குதிக்கச் சொல்வதுபோல. கூடவே ஒருவர் தேவைப்படுவது அதனால்தான்.

இரண்டாவது கருவி ஒரு நோட்டு. என்ன சாப்பிட்டேன், எப்போது, எங்கே, அப்போது மனம் எப்படி இருந்தது. கலோரிக் கணக்கு அதில் கிடையாது. இரண்டு வாரத்தில் நோட்டே பேசும்: ராத்திரித் தீனி வந்த நாளெல்லாம் மதியச் சோறு இல்லாத நாள். பிறகு, பயந்து ஒதுக்கிய பண்டங்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பார்கள். கடைசியாக, உடம்பின் எடையை வைத்தே தன் மதிப்பை எடைபோடும் பழக்கத்தைப் பேசிக் கரைப்பார்கள்.

மருந்தும் உண்டு. ஃப்ளூவாக்சடீன் என்ற மனச்சோர்வு மருந்து அடங்காத் தீனியையும் கழிப்பையும் குறைக்கும். மனச்சோர்வுக்குத் தரும் அளவைவிட இதற்குக் கூடுதலாகத் தேவைப்படும் என்பதால் மனநல மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். அமெரிக்காவில் நோயாளிகளை 22 ஆண்டு தொடர்ந்து பார்த்ததில், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் முழுதாகத் தேறியிருந்தார்கள். சீக்கிரம் தொடங்கினால் பாதை சுருங்கும்.

எங்கே போவது? 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவு என்று கேட்டால் போதும். வெளியே சொல்லவே கூச்சம் என்றால் 14416. டெலிமானஸ் எனும் இலவச அரசுத் தொலைபேசிச் சேவை, நாள் முழுக்க, தமிழிலேயே பேசலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றே பேச வேண்டும்; இந்த நோயில் அந்த எண்ணம் வருவது அபூர்வம் அல்ல. மனநோய் விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சத்தில் நாள் கடத்துகிறவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

நம் கற்பனைப் பெண்ணின் நோட்டில் ஒன்பதாவது வாரத்துப் பக்கத்தைத் திறந்து பார்ப்போம். முந்தைய பக்கங்களில் அடித்தல் திருத்தல், ஒன்றில் கண்ணீர் பட்டு மை கரைந்த இடம். ஆறாவது வாரத்தில் இரண்டு ராத்திரி வாந்தி என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறாள். இந்தப் பக்கத்தில் கையெழுத்து நிதானமாக இருக்கிறது. மாலை 4.10. அச்சகம். காராச்சேவு ஒரு கை, டீ. பயமாக இருந்தது. அக்கா ஏதோ சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன். 4.30, லேபிள் வேலை.